சிற்றுழவு யந்திரமும் அதனைக் கையாளும் முறையும்

மேழி பிடிக்கும் கை வேறு, எழுதுகோல் பிடிக்கும் கை வேறு என்று நம்மவர் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. இப்பொழுதோ கலாசாலையிற் பட்டம் பெற்று உத்தியோகம் பார்ப்போரும், ஓய்வு பெற்று ஊர் திரும்பினோரும், வீட்டின் பின்புறத்துள்ள பத்துச் சென்ட் நிலத்திலேனும் கத்தரியும் வெண்டையும் கீரையும் பயிரிட்டுப் பார்க்கவேண்டுமென்னும் அவாவுடையராய் இருக்கின்றனர். அது நல்ல அவாவே. ஆயின் நிலத்தைப் பண்படுத்துவது யாரால்? ஏர்மாடு பல ஊர்களில் அருகிவிட்டது. கிடைப்பினும், வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவே அது திரும்ப இடமில்லை. டிராக்டர் வாயிலினுள் நுழையாது. மண்வெட்டியைத் தூக்கினாலோ, நாற்பது வயதைக் கடந்தார்க்கு மறுநாள் முதுகு நிமிராது. இவ்விக்கட்டுக்கு ஏற்ற துணையாய் வந்ததே, பின்னே நடந்துகொண்டு இரு கைகளாற் பிடித்துச் செலுத்தும் சிற்றுழவு யந்திரம். பெரியதைப் பவர் டில்லர் என்றும் சிறியதைப் பவர் வீடர் என்றும் கடைக்காரரும் குடியானவரும் வழங்குகின்றனர். அரசாங்கத்தின் வேளாண்மைப் பொறியியல் துறை வாயிலாக மானியமும் உண்டு. யந்திரத்தை வாங்கினோர் அனைவரும் அதனைக் கையாளும் முறையை அறிந்து வாங்கினரோ என்பதில் எமக்கு ஐயம் உண்டு. அவ்வையமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கலப்பை மண்ணைக் கீறிப் புரட்டுவது; இவ்யந்திரமோ சுழலும் கத்திகளால் மண்ணை வெட்டிக் கலக்குவது. சுழலும் கத்தியால் உழலாம் என்னும் எண்ணம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. சுவிட்சர்லாந்து தேசத்தவராகிய கோன்ராட் வான் மேயன்பர்க் என்பவர் இத்துறையில் முன்னோடி. ஆஸ்திரேலியாவிலே, நியூ சவுத் வேல்ஸ் நாட்டுக் கில்காண்ட்ரா என்னும் ஊரில், ஆர்தர் கிளிபர்டு ஹோவர்டு என்னும் இளைஞர் 1912-ஆம் ஆண்டில் தம் தந்தையாரின் நீராவி யந்திரத்தைக் கொண்டு கத்திகளைச் சுழற்றிப் பரீட்சை செய்தார். முதலில் அவை மண்ணைப் பக்கங்களில் வாரி இறைத்தன. பின்னர் அவர் கத்தியின் நுனியைக் கால் மடக்கினாற்போல வளைத்து, சிறிய உருளையொன்றில் இடைவிட்டு இடைவிட்டுப் பொருத்தவே, மண் வெட்டுண்ட இடத்திலேயே பொலபொலவென்று விழலாயிற்று. 1920-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் நாம் காணும் கத்திகளிற் பெரும்பாலன அவ்வளைவுடையனவே. அவர் தம் யந்திரத்துக்கு இட்ட ரோட்டவேட்டர் என்னும் பெயர் இன்று நம் கிராமங்களிலும் வழங்குகின்றது. அப்பெயரை ஆங்கில எழுத்துக்களால் எழுதி, முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே இருக்கும். மாலைமாற்றுப் பாடக் கற்ற நம் புலவர்க்கு இது மகிழ்ச்சி தரலாம். உழவுக்கு இதனால் யாதொரு நன்மையும் இல்லை.

இந்தியாவில் ஜப்பானிய முறையிலமைந்த பவர் டில்லர்கள் 1960-களில் வழக்குக்கு வந்தன. பெங்களூரில் 1967-இலும், கேரளத்து அத்தாணியில் 1973-இலும் அவற்றைச் செய்வதற்கான தொழிற்சாலைகள் ஏற்பட்டன. உழுகருவிகளைப் பற்றிய கல்வியோ இதற்கு முற்பட்டது. ஸாம் ஹிக்கின்பாட்டம் என்னும் மிஷனரி 1910-இல் நிறுவிய அலகாபாத் வேளாண்மைக் கல்விச்சாலையில், மேசன் வாஹ் என்பவர் இந்திய மாடுகளின் வலிமைக்கேற்ற கலப்பைகளை அமைத்தார். 1942-இல் வேளாண்மைப் பொறியியற் பட்ட வகுப்பும் அங்கே தொடங்கிற்று. மிஷன் கலாசாலைகளில் படித்தோர் கலப்பையைப் பற்றி எழுதுவது புதுமையன்று என்பதற்காகவே இதனைக் குறித்தோம்.

இவ்யந்திரங்கள் முக்கியமாய் இருவகைப்படும். ஒன்று, சக்கரம் இருக்கவேண்டிய அச்சிலேயே கத்திகள் பூட்டப்பட்டது. இதில் கத்திகளே மண்ணையும் வெட்டும், யந்திரத்தையும் முன்னே இழுக்கும். எடை குறைவு, விலையும் குறைவு, வீட்டுத் தோட்டத்துக்கு வாங்குவோர் பெரும்பாலும் இதனையே வாங்குவர். மற்றொன்று, முன்னே விசையாற் சுழலும் இரு சக்கரங்களும் பின்னே தனியாய்ச் சுழலும் கத்திகளும் உடையது. இது நிதானமாய் நடக்கும். இறுகிய நிலத்தையும் உழும். ஆனால் கத்திகள் உழுவோனுடைய கால்களுக்கு மிக அருகில் இருக்கும். முதல்வகையில் யந்திரத்தின் பின்புறத்தில் இரும்புக் கோல் ஒன்று நிலத்தை நோக்கித் தொங்குவதைக் காணலாம். இதனை இன்னதென்று அறியாமல் கழற்றி எறிந்தவர்களை யாம் அறிவோம். அதுவே இவ்யந்திரத்தின் கடிவாளம். கைப்பிடியைச் சிறிது கீழே அழுத்தினால் அக்கோல் மண்ணில் இறங்கும். இறங்கவே ஓட்டம் தடைப்படும். ஓட்டம் தடைப்படவே கத்திகள் நின்ற இடத்தில் ஆழ வெட்டும். கைப்பிடியைத் தூக்கினால் கோல் எழும்பும்; யந்திரம் மேலோட்டமாய் வெட்டிக்கொண்டு விரைந்து செல்லும். ஆழமும் வேகமும் இவ்வழுத்தத்தினாலேயே அடங்குவன, தோள்வலிமையால் அன்று.

இனி என்ஜினைத் தொடுமுன் மண்ணைத் தொடவேண்டும். ஓர் அடி ஆழமுள்ள குழியில் ஐந்தாறு அங்குலத்திற்குக் கீழே ஒரு பிடி மண்ணெடுத்து, உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துப் பின் விரலால் ஒரு தட்டுத் தட்டுக. உருண்டை உதிர்ந்துவிடுமாயின் உழவுக்குப் பதம். விரற்சுவடு பட்டுக் களிமண் பிள்ளையார்போல் நிற்குமாயின், அன்றைக்கு யந்திரத்தைக் கொட்டகையிலேயே விட்டுவிடுக. உருண்டையே பிடிபடாமற் பொடியாய்ப் போகுமாயின் நீர் பாய்ச்சி இரண்டொரு நாள் பொறுத்தல் வேண்டும். செம்மண்ணில் இப்பதம் விரைவில் வந்து விரைவில் நீங்கும். கரிசலில் வருவதற்கும் நாள் செல்லும். ஈர மண்ணை உழுவதால் வரும் தீங்கு அன்றே தெரிவதில்லை. சுழலும் கத்தி, கொத்தனாரின் கரண்டி சுண்ணத்தை இழைப்பதுபோல, அடிமண்ணை இழைத்துவிடுகின்றது. மேலே கட்டிகள் காய்ந்து கல்லாகும். கீழே நீரும் வேரும் இறங்காத படலம் உண்டாகும். ஒவ்வோராண்டும் ஒரே ஆழத்தில் உழுதுவந்தாலும் இப்படலம் தோன்றும். மேலே ஆறங்குலம் பஞ்சுபோல் இருக்க, பயிர் மாத்திரம் வாடிக்கிடக்கும் தோட்டங்களில் ஒரு கடப்பாரையை ஊன்றிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

மண்ணைப் பார்த்தபின் நிலத்தை நடந்து பார்க்கவேண்டும். கல், செங்கல் துண்டு, தேங்காய்ச் சிரட்டை, முறிந்த போத்தல், வேலியின் முட்கம்பி ஆகிய இவையெல்லாம் கத்தியிற் பட்டால் பறந்து வரும். பழஞ்சாக்கின் நூலும், பூசணிக் கொடியும், தென்னை ஓலையும் அச்சில் சுற்றிக்கொள்ளும். மண்ணுக்குள் தண்ணீர்க்குழாயும் மின்சாரக் கம்பியும் போகும் வழியை வீட்டாரிடம் கேட்டறிந்து, குச்சி நட்டு அடையாளம் செய்க. சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி அப்புறப்படுத்துக. மாமரம் முதலியவற்றின் நிழல் விழும் வட்டத்தினுள்ளே ஆழ உழவேண்டாம்; மரத்துக்கு உணவு கொண்டுவரும் மெல்லிய வேர்கள் அங்கே மேலாகவே படர்ந்திருக்கும்.

உடையைப் பற்றிச் சொல்வது சிலர்க்கு நகையாய்த் தோன்றலாம். வேட்டியும் சேலையும் தாவணியும் நமக்கு அழகியன. சுழலும் அச்சுக்கும் அவை மிகவும் பிரியமானவை. காலை ஒட்டிய கால்சட்டையும், விரல்களை மூடிய தடித்த தோற் பாதரட்சையும், கண்ணுக்குக் கண்ணாடியும், காதுக்கு அடைப்பானும் வேண்டும். பஞ்சை உருட்டிக் காதில் வைத்தல் போதாது.

அபாயம் எத்தன்மையது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். கத்திகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 14 அங்குலமென்றும், அவை நிமிஷத்துக்கு 120 முறை சுழல்வனவென்றும் கொள்க. வட்டத்தின் சுற்றளவு 44 அங்குலம். விநாடிக்கு இரண்டு சுற்று. ஆகவே கத்தியின் முனை ஒரு விநாடியில் 88 அங்குலம், அஃதாவது ஏழடிக்கு மேல் செல்கின்றது. கத்தி மண்ணைக் கடித்துக்கொண்டிருக்கும் வரையில் யந்திரம் அடங்கி நடக்கும். கட்டாந்தரையிலோ வேரின்மீதோ ஏறி, கத்தி இறங்காமற் போனால், கத்தியே சக்கரமாகிவிடும். அப்பொழுது அவ்வேழடி வேகமும் யந்திரத்தின் வேகமாய் மாறும். நாம் திடுக்கிட்டு, நிலைமையை உணர்ந்து, கையை எடுப்பதற்கு அரை விநாடி செல்லுமாயின், அதற்குள் அது மூன்றரையடிக்கு மேல் பாய்ந்திருக்கும். முன்னோக்கிப் பாய்ந்தால் பிடி நழுவும். பின்னோக்கிச் செலுத்தும்போது பாய்ந்தால், மூன்றரையடிக்குள் நிற்பவை நம் கால்களே.

இதனைக் கணக்கினால் மாத்திரம் அறிந்தேமல்லேம். சில ஆண்டுகளுக்கு முன், தெரிந்தவர் ஒருவரிடம் இத்தகைய யந்திரத்தை இரவல் வாங்கி எம் தோட்டத்தை உழுதோம். இவ்யந்திரத்தின் கைப்பிடியில் ஒரு நெம்புகோல் உண்டு. அதனைப் பிடித்திருக்கும் வரையில் கத்தி சுழலும், விட்டால் நிற்கும். அன்று காலையில் நெம்புகோலை விட்டபோது அது தானே எழவில்லை, கம்பி துருவேறியிருந்தது. நாம் அதனை விரலால் தள்ளிவிட்டு, பெரிதாய் எண்ணாமல் வேலையைத் தொடர்ந்தோம். மூன்றாம் சாலின் முடிவில் இடமில்லாமையால் யந்திரத்தைப் பின்னோக்கிச் செலுத்தினோம். குதிகால் துவைகல்லில் தட்டிற்று. கையை விட்டோம், நெம்புகோல் எழவில்லை. வேட்டியின் நுனியும் ரப்பர்ச் செருப்பும் ஒருங்கே உள்ளே போயின. களைக்கொத்துடன் அருகில் வேலை செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் ஓடிவந்து சிவப்பு விசையை அழுத்தி என்ஜினை நிறுத்தினார். இடது காலின் சுண்டுவிரல் போயிற்று, பாதம் பிழைத்தது. அவ்விளைஞர்க்கு அவ்விசை எப்படித் தெரிந்தது? காலையில் யந்திரம் வந்திறங்கியபோதே, “ஐயா, இதை நிறுத்துவது எங்கே?” என்று கேட்டிருந்தார். ஓட்டுவது எப்படியென்று நாம் கேட்டோம். நிறுத்துவது எங்கேயென்று அவர் கேட்டார்.

ஆதலின் என்ஜினை ஓட்டுமுன் நெம்புகோலைப் பத்து முறை அழுத்தி விட்டுப் பார்க்கவேண்டும். ஒருமுறை தயங்கினாலும் அன்று உழவு இல்லை. கைவலிக்கு அஞ்சி அந்நெம்புகோலைச் சணற்கயிற்றால் கைப்பிடியோடு கட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகின்றது. அவ்வாறு கட்டிய யந்திரத்தை இரவலாய்க் கொடுத்தாலும் வாங்கற்க. மேலும், அருகில் நிற்போர் அனைவர்க்கும் நிறுத்தும் விசையைக் காட்டி வைக்கவேண்டும். சிறுவரையும் வீட்டுப் பிராணிகளையும் தோட்டத்துக்கு வெளியே நிறுத்தவேண்டும்.

கலப்பையில் கை வைத்தவன் பின்னிட்டுப் பாராதிருத்தல் நன்றென்று நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். இவ்யந்திரத்தைப் பொறுத்தவரையில், பின்னோக்கிச் செல்லுமுன் பின்னிட்டுப் பாராதவன் கெட்டான். கூடுமானால் பின்னோக்கிச் செலுத்தவே வேண்டாம். நெம்புகோலை விட்டு, கத்தி நின்றபின், யந்திரத்தைக் கையால் இழுத்துத் திருப்புக. சுவருக்கும் யந்திரத்துக்கும் நடுவே ஒருபோதும் நிற்றலாகாது.

என்ஜினை எழுப்புதல் எளிது. சமதரையில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்க்கவேண்டும். புதிய யந்திரங்கள் பல, என்ஜினில் எண்ணெய் இல்லாமலே கடையிலிருந்து வருகின்றன. அதனையறியாது ஓட்டிச் சில நிமிஷத்தில் என்ஜினைக் கெடுத்துக்கொண்டோர் உளர். பெட்ரோலை வெட்டவெளியில், என்ஜின் ஆறியிருக்கையில் ஊற்றுக. கொட்டகைக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கலாகாது; புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்ந்த என்ஜினாயின் சோக்கை மூடி, கயிற்றைத் தடை உணரும் வரையில் மெல்ல இழுத்து, பின் ஒரே வீச்சாய் இழுத்து, கயிற்றைக் கைவிடாமலே உள்ளே போகவிடுக. எழும்பியபின் சோக்கைத் திறந்துவிடுக.

உழும்போது முதற் சாலிலேயே ஆறங்குலம் இறக்க முயல்வதே புதியோர் யாவரும் செய்யும் பிழை. முதலில் இரண்டு மூன்று அங்குலம்; அடுத்த முறை குறுக்காக ஓட்டி நாலைந்து; காய்கறிப் பாத்திக்கு அதுவே போதும். கிழங்கு வகைக்கு வேண்டுமாயின் ஆறு. யந்திரம் துள்ளினால் அதனோடு மல்லுக்கு நிற்றல் வேண்டாம். வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இடமும் வலமுமாய்ச் சிறிது அசைத்தால் கத்தி தானே இறங்கும். இறங்காவிடில் அந்நிலம் இன்னும் பதப்படவில்லை என்பது பொருள். ஒரு சாலை அடுத்து மறு சாலை ஓட்டாமல், இடையே ஒரு சாலகலம் விட்டு ஓட்டி, விட்டதைத் திரும்பிவரும்போது உழுதால், குறுகிய இடத்தில் வளைக்கும் தொல்லை நீங்கும். கூடியவரை உழுத மண்ணை மிதியாமல் ஒரு பக்கமாய் நடத்தல் நன்று. சரிவான இடங்களை மண்வெட்டிக்கே விட்டுவிடுக. கைப்பிடியை இறுகப் பற்றுதல் கூடாது. அதிர்ச்சி நெடுநேரம் கைகளிற் பாய்ந்தால் விரல்கள் மரத்து வெளுக்கும்; ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அது நோயாகவே நிலைக்கும். அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி இளைப்பாறுதல் சோம்பலன்று.

கத்தியில் கொடி சுற்றிக்கொண்டால், என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வைத்தபின்னரே கையிடவேண்டும். என்ஜின் நின்றிருக்கிறதே என்று எண்ணிக் கத்தியைக் கையாற் சுழற்றினால், அச்சுழற்சியே என்ஜினை ஒருமுறை எழுப்பிவிடலாம். அவ்வொருமுறை போதும்.

இவ்வளவு சொல்லியும் இவ்யந்திரத்தை எல்லா வேலைக்கும் ஏவலாகாது. கோரையும் அறுகும் படர்ந்த நிலத்தில் இதனை ஓட்டுதல், பகைவனைப் பத்தாகப் பெருக்குவதற்கு ஒப்பாகும். கோரையின் கிழங்குத் தொடரும் அறுகின் தண்டும் துண்டுபட்டுத் தோட்டமெங்கும் பரவி, முளைவிட்டு எழும். அவற்றை முதலிற் கிளறிப் பொறுக்கியெடுத்து வெயிலிற் காயவிடுக. மண்புழு இரண்டாய் வெட்டுண்டால் இரண்டு புழுவாகும் என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்வாரும் உளர். அஃது உண்மையன்று. தலைப்பக்கத்துண்டு சிலவேளை பிழைக்கும், வால்துண்டு மாளும். மண் அழகாய் இருக்கிறதென்று மூன்றாம் முறையும் நாலாம் முறையும் ஓட்டி மாவாக்குவது அதனினும் பெரிய பிழை. மாவாகிய மண்ணில் ஒரு மழை பெய்தால் மேற்புறம் ஆடைகட்டி இறுகும். கீரைவிதை முளைத்தும் வெளிவர மாட்டாமல் உள்ளேயே மடியும். நெல்லிக்காயளவுக் கட்டிகள் இடையிடையே கிடக்கும் மண்ணே நாற்று நடுவதற்கு ஏற்றது. விதை தெளிப்பதாயின் மேலே ஓர் அங்குலத்தை மாத்திரம் கைவாரியால் பொடியாக்கினாற் போதும். ஒருமுறை ஆழ உழுது, தொழுவுரமிட்டு, பின்வரும் பருவங்களில் தழையால் மூடி மேலாகக் கொத்திவந்தால், இரண்டு மூன்று ஆண்டுக்கு யந்திரமே வேண்டியிராது. விற்பவர் இதனைச் சொல்வதில்லை.

வேலை முடிந்தபின் கத்தியிலுள்ள மண்ணைக் குச்சியாற் சுரண்டிக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுக. கத்தியைக் கழற்றி மாட்ட நேர்ந்தால், கூரிய விளிம்பு சுழலும் திசையை நோக்கி முற்பட நிற்கின்றதா என்று பார்த்துக்கொள்க. மாற்றி மாட்டிய கத்தி மண்ணை வெட்டாது, அறையும். புதிய யந்திரத்தில் முதற் சில மணி நேர வேலைக்குப்பின் கத்தியின் திருகாணிகள் இளகும், அவற்றை முறுக்குக. காற்றை வடிக்கும் வடிகட்டியில் புழுதி அடைந்திருக்கும். கோடையில் ஒவ்வொரு நாளும் தட்டித் துடைத்தல் நன்று. ஒரு மாதத்துக்கு மேல் வேலையில்லையெனில் பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்சியது தீரும்வரை என்ஜினை வெளியில் ஓட்டி நிறுத்துக. இல்லையேல் அப்பெட்ரோல் பிசினாகி உள்ளே ஒட்டிக்கொண்டு, அடுத்த ஆடிப்பட்டத்தில், மண் பதமாய் இருக்கும் அந்த இரண்டு நாளிலும், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிப்பதே மிஞ்சும்.